சொல்லாத சொல்லுக்கு ஒரு வெண்கலப் பலகை

ட்ரென்ட்ஹோம் நகரமன்றத்தில் நிறத்தையோ இனத்தையோ வைத்து யாரும் யாரையும் ஒரு வார்த்தை பேசியது கிடையாது. இதை மன்றமே ஏழு முறை கூடி உறுதி செய்திருக்கிறது. பேசவே இல்லை என்றால் ஏழு முறை கூடுவானேன் என்று கேட்பவர்கள் உண்டு. அயோவா மாநிலத்தில் ஒரு நகரமன்றக் கூட்டத்திலாவது உட்கார்ந்து பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

வெர்னீஸ் டல்லி இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். மன்றத்தின் எழுத்தர் அவள். மேடையில் வளைந்த மேசைக்குப் பின்னால் ஏழு உறுப்பினர்கள் அமர, அவர்களுக்குக் கீழே ஒரு சின்ன மேசையில் கணினியும் ஒலிப்பதிவுக் கருவியுமாக இவள். பேசுவதையெல்லாம் தட்டச்சு செய்து, ‘உள்ளது உள்ளபடி’ என்று அச்சடித்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போடுவது அவள் வேலை. அவளுடைய கொள்ளுத்தாத்தா ரயில்பாதை போட இந்த ஊருக்கு வந்த கறுப்பர். மன்றத் தலைவர் லைல் டெர்ப்ஸ்ட்ராவின் அப்பா அதற்கு நாற்பது வருஷம் கழித்து ஹாலந்திலிருந்து கப்பலேறி வந்தார். ஆனாலும் வெர்னீஸைப் பார்க்கும்போதெல்லாம், “உங்க ஆளுங்களுக்கு நம்ம ஊர் குளிர் பழகிடுச்சாம்மா?” என்று லைல் கனிவோடு விசாரிப்பார். இருபத்திரண்டு வருஷமாக விசாரிக்கிறார்.

கதைக்கு முன்னால் ஒரு விதியைச் சொல்லிவிட வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்பு, டுலிப் பூச்செடியின் கிழங்கை எந்த ஆழத்தில் நடுவது என்பது பற்றி லைல் மன்றத்தில் நாற்பது நிமிஷம் உரையாற்றினார். வெர்னீஸ் கூட்டக் குறிப்பில், ‘தலைவர் டுலிப் பற்றிப் பேசினார்’ என்று எழுதினாள். லைல் மனம் நொந்துபோனார். அடுத்த கூட்டத்திலேயே ஒரு விதி கொண்டுவந்தார்: மன்றத்தில் பேசப்படும் ஒவ்வொரு சொல்லும் பேசியபடியே குறிப்பில் ஏற வேண்டும். ஏறியதை நீக்க வேண்டுமானால், நீக்கக் கோருபவரே எழுந்து நின்று அந்த வாசகத்தை முழுதாக, எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்க வேண்டும்.

“நாளைக்கு யாரும் நம்ம வார்த்தையை நைஸா அழிச்சிடக் கூடாது பாருங்க,” என்று அன்று அவர் சொன்னதும் குறிப்பில் இருக்கிறது. விதி ஏழுக்கு ஏழு என்று நிறைவேறியது.

வெர்னீஸின் கணவர் ஓடல், மெர்சர் சாலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கைகாட்டிக் கடக்கவிடுகிறவர். ஆரஞ்சு நிற மேல்சட்டையும் ‘நில்’ என்று எழுதிய கைப்பலகையுமாகக் காலையும் மாலையும் நடுச்சாலையில் நிற்பார். சாலைக்கு அந்தப் பக்கம் ஓடலின் வீடு உட்படக் கறுப்பர்களின் வீடுகளும், தெற்கே குவாத்தமாலா நாட்டிலிருந்து வந்து பன்றி இறைச்சி ஆலையில் வேலை செய்யும் குடும்பங்களும். இந்தப் பக்கம் பள்ளிக்கூடம். நடுவில் ஆலைக்குப் போகும் லாரிகள். ஜனவரியில் பனிமூட்டமான ஒரு காலையில், ஒரு லாரி ஓடலின் கைப்பலகையை இரண்டாக உடைத்துவிட்டு, அவர் இடுப்பையும் உரசிவிட்டுப் போனது. டிரைவர் நிறுத்தக்கூட இல்லை. ஓடல் பலகையை டேப் சுற்றி ஒட்டிக்கொண்டு மறுநாளும் போய் நின்றார். போய் நிற்காவிட்டால் அறுபது பிள்ளைகள் தாங்களாகக் கடக்க வேண்டும்.

அதனால்தான் பிப்ரவரி முதல் திங்கட்கிழமை அவர் மன்றத்துக்கு வந்தார். கொடிக்கு வணக்கம், பிரார்த்தனை, பாதாம் விழுது வைத்த டச்சு ரொட்டி எல்லாம் முடிந்தது. பொதுமக்கள் பேசும் மேடையில் ஒரு குட்டி விளக்குக் கம்பம் உண்டு. பச்சை எரிந்தால் பேசலாம், மஞ்சள் எரிந்தால் முடிக்க வேண்டும், மூன்றாவது நிமிஷம் சிவப்பு எரிந்தால் வாயை மூட வேண்டும். குடிமக்களின் பேச்சு கட்டுமீறி ஓடி யார் மேலாவது மோதிவிடக் கூடாது என்பதற்காக மன்றம் வாங்கி வைத்தது.

பச்சை எரிந்தது. ஓடல் சுருக்கமாகச் சொன்னார். “மெர்சர் சாலையில ஒரு சிக்னல் லைட் வேணும். பட்டனை அமுக்கினா எரியற மாதிரி இருந்தாப் போதும். ரெண்டு வருஷமா மனு கொடுத்துட்டிருக்கேன். என்னைக்காவது ஒருநாள் என் பலகை உடையாது, நான்தான் உடைவேன். என் பின்னாடி பிள்ளைங்க நிக்கும்.”

மஞ்சள் கூட எரியவில்லை, அதற்குள் முடித்துவிட்டார். லைல் நாற்காலியில் சாய்ந்தார். ஒலிவாங்கி மூடியிருப்பதாக நினைத்துப் பேசினார் என்று பிறகு ஊரில் சிலர் சொன்னார்கள். அபாண்டம். அதை வாய்க்குப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டுதான் பேசினார்.

“அந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு லைட்டு எதுக்கு? போலீஸைப் பாத்து ஓடறதும் பார்டரைத் தாண்டி ஓடறதும்தான் அவங்க பொழப்பே. ஒரு ரோட்டைத் தாண்டவா தெரியாது?”

மூன்று பேர் சிரித்தார்கள். இரண்டு பேர் மேசையைப் பார்த்தார்கள். ஜானெல் விக் என்ற உறுப்பினர் நெஞ்சில் கைவைத்தார். வெர்னீஸின் விரல்கள் ஒரு நொடி நின்றன. பிறகு இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் விரல்கள் தாமாக நகர்ந்து, சொன்னது சொன்னபடி அடித்து முடித்தன. சிக்னல் விஷயம் அடுத்த கூட்டத்தின் ஒன்பதாவது பொருளாக ஒத்திவைக்கப்பட்டது.

அடுத்த கூட்டத்தின் முதல் பொருள், சென்ற கூட்டத்தின் குறிப்பை ஏற்பது. வழக்கமாகப் பத்து விநாடி ஆகும். அன்று லைல் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குறிப்பைப் படித்துவிட்டார். இதற்கு முன் அவர் படித்ததே கிடையாது.

“வெர்னீஸ், என்னம்மா இது? நாலாம் பக்கத்துல என் பேர்ல என்னமோ எழுதியிருக்கே?”

“நீங்க பேசினதுதான் சார்.”

“பேசினதைத்தான் எழுதணுமா? எதுக்குப் பேசினேன்னு பாக்க வேணாமா? நான் என்ன அர்த்தத்துல சொன்னேன்? அவங்க சுறுசுறுப்பைப் பாராட்டிச் சொன்னது அது!”

மன்றத்தின் வழக்கறிஞர் ப்ரெஸ்டன் கூம்ஸ் தொண்டையைச் செருமினார். பேசாமல் நீக்கிவிடலாம், ஆனால் விதிப்படி முதலில் முழுதாக வாசிக்க வேண்டும் என்றார். லைல் எழுந்து நின்று வாசித்தார். முன்மொழிந்தாயிற்று. வழிமொழிந்தவர், எதை வழிமொழிகிறோம் என்று தெளிவாக இருக்கட்டும் என்று மறுபடி வாசித்தார். ஒரு உறுப்பினருக்கு ‘பொழப்பே’ வரை நீக்குவதா, ‘தெரியாது’ வரை நீக்குவதா என்று சந்தேகம் வந்தது. இரண்டு விதமாகவும் வாசித்துக் காட்டினார்கள். பிறகு லைல் தன்னிலை விளக்கம் தந்தார்.

“எங்கிட்ட இனவெறி துளிகூடக் கிடையாது. என் வீட்டுக் கூரையை மாத்தினவங்க பூரா குவாத்தமாலாக்காரங்க. அன்னைக்கு என்னா வெயில்! நானே இறங்கிப் போய்த் தண்ணி கொடுத்தேன், அதுவும் கண்ணாடி டம்ளர்ல. நான் யார்கிட்டயும் நிறம் பாக்கறதே இல்ல. அந்த மெர்சர் ரோட்டுப் பக்கம் போனாக்கூடப் பாக்கறதில்ல, வேகமாப் போயிடுவேன்.”

ஜானெல் விக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஊரின் முற்போக்குப் பகுதிக்கு அவர்தான் பிரதிநிதி. வீட்டு வாசலில் ‘எல்லோரும் வருக’ என்று ஆறு மொழியில் பலகை நட்டிருப்பவர். “வெர்னீஸ், அந்த வார்த்தை என்னை எவ்வளவு காயப்படுத்திச்சு தெரியுமா? மூணு நாளா நான் யோகாவுக்கே போகல. உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு நினைச்சேன், ஆனா உன்னைப் பாத்தா எனக்கு அழுகையா வருது. நீதான் எனக்கு ஆறுதல் சொல்லணும்.”

வெர்னீஸ் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள். “அப்ப ஒன்பதாவது பொருளுக்கு நீங்க ஆதரவுதானே, மிஸ் விக்?” என்று கேட்டாள்.

“எது, லைட்டா? அது அந்த ரோட்டுல போக்குவரத்து ஸ்டடி பண்ணாம எப்படிச் சொல்றது?” என்றார் ஜானெல், உடனே தெளிந்து.

நீக்கும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஒன்பது மணிக்கு மேல் மன்றம் நடக்கக் கூடாது என்று விதி. ஒன்பதாவது பொருளுக்குப் போக நேரமில்லை.

வெர்னீஸ் மறுநாள் அந்தக் கூட்டத்தின் குறிப்பை அடித்தாள். அதில் அதே வாசகம் பதினோரு இடத்தில் வந்தது. நீக்குவதற்காக வாசித்தது, வழிமொழிந்தது, சந்தேகம் கேட்டது எல்லாம் மன்றத்தில் பேசிய பேச்சுதானே.

மூன்றாவது கூட்டத்தில் அந்தப் பதினோரு இடத்தையும் நீக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வாசித்துத்தான் நீக்க முடியும் என்றார் கூம்ஸ். நடுவே லைலுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, தேன் கலந்த வெந்நீர் வந்தது. நான்காவது கூட்டத்துக்கு வந்த குறிப்பில் வாசகம் முப்பத்தெட்டு. விதியையே எடுத்துவிடலாமே என்று ஒருவர் கேட்டார். எடுக்கலாம், ஆனால் அது புதுப் பொருள். பழைய குறிப்பை ஏற்காமல் புதுப் பொருளுக்குப் போக முடியாது என்று கூம்ஸ் விளக்கினார். விளக்கும்போது உதாரணத்துக்காக வாசகத்தை இன்னொரு முறை சொன்னார்.

ஊரில் அதற்குள் எல்லோருக்கும் அது மனப்பாடம். முடிவெட்டும் கடையில் ஒருவர் முதல் பாதியைச் சொன்னால் அடுத்தவர் பின்பாதியைச் சொன்னார். ஒலிப்பதிவு நகரமன்றத்தின் இணையதளத்தில் இருந்தது. அது வரைக்கும் அந்த இணையதளத்தைக் குப்பை அள்ளும் கிழமை பார்க்கத்தான் திறப்பார்கள்.

ஒருநாள் மதியம் கூம்ஸ் அவள் மேசைக்கு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு நின்றார். “இதோ பாரு வெர்னீஸ், எல்லாருக்கும் சங்கடம். நீயே அந்த வரிகளை விட்டுட்டு மறுபடி டைப் பண்ணிக் கொண்டா. சத்தமில்லாம முடிச்சிடலாம்.”

“என் கையெழுத்துக்கு மேல ‘உள்ளது உள்ளபடி’ன்னு அச்சடிச்சிருக்கு சார். முதல்ல அதை அழிச்சிட்டுக் கொடுங்க, அப்புறம் எதுல வேணாலும் கையெழுத்துப் போடறேன்.”

“உன் வேலையைப் பத்தி லைல் யோசிக்கிறார். அவ்வளவுதான் சொல்வேன்.”

“நானும் என் வேலையைப் பத்தித்தான் யோசிக்கிறேன்.”

சொல்லிவிட்டாளே தவிர, அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சம்பளம் நின்றால் என்ன செய்வது என்று கணக்குப் போட்டபடி போனாள். வீட்டில் ஓடல் சமையல் மேசையில் கைப்பலகையைக் கிடத்தி, புது டேப் சுற்றிக்கொண்டிருந்தார். பழைய டேப் ஈரத்தில் விட்டுப்போயிருந்தது. அவருடைய ஆரஞ்சுச் சட்டையின் கைப்பக்கம் நீளமாகக் கிழிந்திருப்பதை அவள் பார்த்துவிட்டாள்.

“இது எப்ப ஆச்சு?”

“காலைல. ஒரு பிக்கப் வண்டி. சைடு கண்ணாடில சட்டை மாட்டி இழுத்துடுச்சு. ஒண்ணும் ஆகல விடு.”

“ஒண்ணும் ஆகலையா? கை போயிருக்கும் ஓடல்!”

“சட்டைதானே போச்சு.” அவர் டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தார். “அந்த ஆள் சொன்னதை அழிக்கிறாங்களோ, வெச்சுக்கறாங்களோ, எனக்கு ஒண்ணும் இல்ல வெர்ன். அறுபத்திமூணு வயசுல இதெல்லாம் நான் கேக்காததா? எனக்கு லைட்டு வேணும். அந்த வரியை விட்டுட்டா லைட்டு வருமா சொல்லு, நானே ரப்பர் வாங்கித் தரேன்.”

“விட்டுட்டாலும் வராது. அந்த வரி இருக்கறதாலதான் அவங்களுக்கு ஒன்பதாவது பொருள்னு ஒண்ணு இருக்கறதே ஞாபகம் இருக்கு.”

அதைச் சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று அவளுக்கே உறைத்தது. அன்று அவள் அந்தக் கிழிந்த கையைத் தைத்தபடி வெகுநேரம் யோசித்தாள். கோபத்தில் இரண்டு முறை ஊசி குத்திக்கொண்டாள்.

நிலைமை கைமீறுவதைக் கண்ட ஜானெல், ‘செவிசாய்க்கும் குழு’ ஒன்றை அமைத்தார். மெர்சர் சாலைக்காரர்கள் யாரையும் அதில் போடவில்லை. அவர்களுக்கு மேலும் மனச்சுமை தரக் கூடாது என்ற நல்லெண்ணம். சிகாகோவிலிருந்து கேட்டல் துறை நிபுணர் ஒருவர் வந்து, ஒலிப்பதிவை இரண்டு நாள் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு அறிக்கை கொடுத்தார்.

“வாசகத்தில் இனம் எதுவும் தென்படவில்லை. ‘அந்தப் பக்கம்’ என்பது ஒரு திசை. ‘ஓடுவது’ உடலுக்கு நல்லது. ‘பார்டர்’ என்பது பூகோளம். ஆக, இவற்றில் இனம் எங்கிருந்து வந்தது? கேட்டவரின் காதில்தான் சேர்ந்திருக்கிறது. அந்தக் காது அந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.”

ஐந்தாவது கூட்டத்தில் மன்றம் எழுந்து நின்று கைதட்டியது. எழுத்தரின் காதில் குறை இருப்பதை மன்றம் ஆழ்ந்த வருத்தத்தோடு பதிவுசெய்கிறது என்று, பழைய குறிப்போடு சேர்த்தே, ஒரு தீர்மானம். அந்தத் தீர்மானத்தையும் வெர்னீஸ்தான் தட்டச்சு செய்தாள். கேட்டு எழுதும் வேலைக்கு ஊரில் வேறு காது இல்லை.

காதைச் சரிசெய்ய அவளைக் கணினிவழிப் பயிற்சி ஒன்றில் சேர்த்தார்கள். ஒரு கேள்வி வந்தது. அலுவலகத்தில் ஒருவர் உங்களை இழிவாகப் பேசினால் என்ன செய்வீர்கள்? மூன்று விடைகள்: கோபப்படுவேன், புகார் செய்வேன், அவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார் என்று எடுத்துக்கொள்வேன். வெர்னீஸ் புகார் செய்வேன் என்று அமுக்கினாள். கணினி அவளைத் திரும்பவும் முதல் பாடத்துக்கு அனுப்பிவிட்டது. மூன்று முறை முதல் பாடத்துக்குப் போய்வந்த பிறகு, நல்ல மனதை அமுக்கிச் சான்றிதழ் வாங்கினாள்.

ஏப்ரல் கடைசியில் ஆறாவது கூட்டம். குறிப்பு தொலைபேசிப் புத்தகம் கனத்துக்கு வந்திருந்தது. வாசகம் இருநூற்றுப் பன்னிரண்டு. இதற்கிடையே மே மாத டுலிப் விழா நெருங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு விழாவிலும் லைல் ஹாலந்து மரச்செருப்பு போட்டுக்கொண்டு தேரில் நின்று, எங்கள் முன்னோர் வெறுங்கையோடு கடல் தாண்டி வந்தார்கள், யாரும் அவர்களை ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை என்று கண்கலங்குவார். இந்த வருஷம் தேரைப் பார்த்து யாராவது அந்த வாசகத்தைச் சொல்லிக் கத்திவிடுவார்களோ என்று அவருக்குப் பயம்.

கூம்ஸ் புது யோசனையோடு வந்தார். “நாம இத்தனை நாளா தப்பான வழியில போயிட்டோம். நீக்கணும்னு கேட்டாலே சொன்னதா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுது. நீக்கவே வேணாம். குறிப்பை அப்படியே ஏத்துக்கிட்டு, சொல்லலைன்னு தீர்மானம் போட்டுடலாம். சொல்லாததை எதுக்கு நீக்கணும்?”

மன்றத்தில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு பரவியது. எதைச் சொல்லவில்லை என்று குறிப்பிடாவிட்டால் சட்டப்படி செல்லாது என்பதால், அதையும் எழுதினார்கள். ‘பிப்ரவரி மூன்றாம் தேதி மன்றத் தலைவர் லைல் டெர்ப்ஸ்ட்ரா’ என்று தொடங்கி, வாசகம் முழுதும் மேற்கோளில் வந்து, ‘என்று சொல்லவில்லை’ என்று முடிந்தது தீர்மானம். ஏழுக்கு ஏழு.

லைல் எழுந்தார். “மூணு மாசமா என் குடும்பம் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இந்தத் தீர்மானம் ஏதோ ஒரு ஃபைல்ல போய்த் தூங்கக் கூடாது. ஊரே பாக்கணும். வெண்கலத்துல செதுக்கணும். டுலிப் விழாவுக்கு வர்றவங்க எல்லாம் நின்னு படிக்கணும்.”

எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. மன்றக் கட்டடம் பழங்காலக் கட்டடம், ஆணி அடிக்கக் கூடாது. மின்கம்பங்கள் மின்சாரக் கம்பெனிக்குச் சொந்தம். பூங்காவில் வைத்தால் டுலிப் மறைக்கும். எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்தபோது, கீழேயிருந்த சின்ன மேசையிலிருந்து வெர்னீஸ் கையைத் தூக்கினாள். அவள் மன்றத்தில் தானாகக் கை தூக்கியது அதுதான் முதல் தடவை.

“ஒரு தகவலுக்காகச் சொல்றேன் சார். நகரத்துக்குச் சொந்தமா, ஆளுங்க நின்னு படிக்கிற இடமா ஒரு கம்பம் வேணும். இப்ப அப்படி ஒண்ணு இல்ல. ஒன்பதாவது பொருள் நிறைவேறினா ஒண்ணு வரும். சிக்னல் கம்பம். லைட் மாறற வரைக்கும் எல்லாரும் சும்மா நின்னுதானே ஆகணும்.”

லைல் அவளை முதன்முதலாக மரியாதையோடு பார்த்தார். “மெர்சர் ரோட்லயா? அதுவும் சரிதான். இந்தப் புரளியைக் கிளப்பிவிட்டதே அந்த ஆளுங்கதானே? அவங்க கண்ணு முன்னாடியே இருக்கட்டும். பாத்தியாம்மா, பயிற்சிக்குப் போய் வந்ததுல எவ்வளவு மாற்றம்!”

வெர்னீஸ் அதையும் அடித்துக்கொண்டாள்.

போக்குவரத்து ஆய்வு வேண்டாமா என்று யாரும் கேட்கவில்லை. ஒன்பதாவது பொருள் நாற்பது விநாடியில் நிறைவேறியது. இரண்டு வருஷமாக மனுவாகக் கிடந்த கம்பம் மூன்றாவது வாரத்தில் எழுந்து நின்றது. டுலிப் விழாவின் முதல் நாள், பள்ளி வாத்தியக் குழு இசைக்க, லைல் மரச்செருப்பு சத்தமிட நடந்து வந்து பலகையின் திரையை விலக்கினார். வெண்கலம் வெயிலில் பளபளத்தது:

‘“அந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு லைட்டு எதுக்கு? போலீஸைப் பாத்து ஓடறதும் பார்டரைத் தாண்டி ஓடறதும்தான் அவங்க பொழப்பே. ஒரு ரோட்டைத் தாண்டவா தெரியாது?” என்று மன்றத் தலைவர் லைல் டெர்ப்ஸ்ட்ரா சொல்லவில்லை. மன்றம் ஏழுக்கு ஏழு.’

கூட்டம் படித்தது. யாரோ கைதட்ட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார்கள்.

திங்கட்கிழமை காலை ஓடல் வழக்கம்போல வந்து நின்றார். பொத்தானை அமுக்கினார். சிவப்பு எரிந்தது. ஆலை லாரி ஒன்று உறுமிக்கொண்டே வந்து, கோட்டுக்குப் பின்னால் அடங்கி நின்றது. ஓடல் அதை நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தார். பின்னால் நின்ற பிள்ளைகளில் யெசேனியா என்ற எட்டு வயதுச் சிறுமி பலகையை எழுத்துக் கூட்டிப் படித்து முடித்திருந்தாள்.

“மிஸ்டர் ஓடல், அவரு சொல்லலைன்னா ஏன் எழுதி வெச்சிருக்காங்க?”

“ஏழு பேரு கையைத் தூக்கினாங்க கண்ணு.”

“எங்க வகுப்புல ஏழு பேரு கையைத் தூக்கி நான் அடிக்கலைன்னு சொன்னாலும், டீச்சர் என்னைத்தான் வெளிய நிக்க வைப்பாங்க.”

“உங்க டீச்சர் நல்லவங்க. லாரி நின்னுடுச்சு பாரு, நட நட. ஓடாதே.”

விழாவுக்கு வந்தவர்கள் டுலிப்பை விட்டுவிட்டுப் பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து பேருந்தில் வந்தார்கள். இரண்டு தொலைக்காட்சிகள் வந்தன. பலகைக்கு முன்னால் நின்ற லைலிடம் ஒரு நிருபர், “நீங்க சொல்லாத வேற ஏதாவது இருக்கா சார்?” என்று கேட்டார். அன்றைக்குத்தான் லைலுக்குச் சுருக்கென்று பட்டது.

ஜூன் மாதக் கூட்டத்தின் ஒன்பதாவது பொருள்: மெர்சர் சாலைப் பலகையை அகற்றக் கோரிக்கை. கோருபவர் லைல் டெர்ப்ஸ்ட்ரா. சொந்த விஷயம் என்பதால் அவர் மேடையில் உட்கார்ந்து பேசக் கூடாது, பொதுமக்களோடு வரிசையில் நின்று வர வேண்டும் என்று கூம்ஸ் சொல்லிவிட்டார். ஆலையில் வேலை முடிந்து வந்த பெண்கள் நால்வர், ஒரு பாதிரியார், டேப் சுற்றிய கைப்பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடல், எல்லோருக்கும் பின்னால் லைல் நின்றார். முறை வந்ததும் பொதுமக்கள் பேசும் மேடையில் ஏறினார். அகற்றப்போகும் வாசகத்தை முழுதாக வாசித்துவிட்டுத்தான் கோரிக்கை வைக்க முடியும். விதி அவருடையது.

மண்டபம் நிறைந்திருந்தது. லைல் காகிதத்தை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, உதடு அசைவது தெரியாமல் முணுமுணுக்க ஆரம்பித்தார்.

வெர்னீஸ் தட்டச்சை நிறுத்தினாள். “மன்னிக்கணும் சார். ஒண்ணும் கேக்கல. என் காதுல குறை இருக்குன்னு இந்த மன்றமே தீர்மானம் போட்டிருக்கு. முதல்லேருந்து, கொஞ்சம் சத்தமா வாசிங்க.”

எழுந்து போய் ஒலிவாங்கியை அவர் வாய்க்குப் பக்கத்தில் இழுத்து வைத்தாள். மேடை மேல் பச்சை விளக்கு எரிந்தது.